பாண்டியில் பழைய படப்புத்தக வேட்டை: டோமி உங்கரர்

(காட்சி: மேசைமேல் ஒரு படப்புத்தகம். கேமரா அட்டைக்கு மிக அருகில்.)

வணக்கம். இந்த அட்டையைப் பாருங்க. கருநீலப் பின்னணி, மூணு கறுப்புத் தொப்பி, முறைக்கிற கண்ணுங்க, பளிச்சுனு ஒரு சிவப்புக் கோடாரி. குழந்தைங்க புத்தகத்துல கோடாரியான்னு கேட்டா, ஆமா, அதான் டோமி உங்கரர், கதையும் எழுதிப் படமும் வரைஞ்சவர். புத்தகத்தோட பேரு 'மூணு கொள்ளைக்காரங்க', பிரெஞ்சுல 'லே த்ருவா பிரிகான்' (Les Trois Brigands). கதையும் அவங்களைப் பத்தினதுதான். வண்டியை மறிச்சுப் பார்த்தா உள்ளே பொன்னும் இல்ல, பொருளும் இல்ல. ஒரு அநாதைச் சிறுமி மட்டும் இருக்கா. அவளைத் தூக்கிட்டுப் போறாங்க. அவங்க சேர்த்து வச்ச புதையலைப் பார்த்துட்டு, "இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கிறா. மூணு பேருக்குமே பதில் தெரியல.

உங்கரர் 1931-ல ஸ்ட்ராஸ்பூர்ல பிறந்தவர். அந்த ஊரை 1940-ல நாஜிகள் பிடிச்சப்போ அவர் சின்னப் பையன். 1956-ல நியூயார்க் போய்ப் பெரிய பேர் எடுத்தார். பெரியவங்களுக்காக அவர் வரைஞ்ச படங்கள் அங்கே வம்பை இழுத்துவிட, நூலகங்கள் அவரோட சிறுவர் புத்தகங்களையும் ஒதுக்கிடுச்சு. அமெரிக்கப் பதிப்புகள் பல வருஷம் அச்சுலயே இல்ல. 2008-லதான் ஃபைடன் பதிப்பகம் ஆங்கிலத்துல மறுபடி கொண்டுவர ஆரம்பிச்சது. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, 1998-ல, சிறுவர் புத்தகங்களுக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது அவர் கைக்கு வந்தாச்சு!

பிரான்சுல கதை வேற. லெகோல் தெ லுவசீர் பதிப்பகம் இந்தக் கொள்ளைக்காரங்க புத்தகத்தை 1968-ல பிரெஞ்சுல போட்டது. பிரெஞ்சுப் பிள்ளைங்க தலைமுறை தலைமுறையா அதைப் படிக்கிறாங்க. அதனால நம்ம ஊர்ல உங்கரரைத் தேடுறவங்க ஆங்கிலத்தைத் துரத்தாம பிரெஞ்சைத் தேடுறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்வேன்.

(காட்சி: காந்தி வீதி, ஞாயிற்றுக்கிழமை சந்தை.)

எங்கே தேடுறது? பிரெஞ்சுப் பள்ளியில பிள்ளைங்க படிச்ச வீடுங்க, சொல்தா குடும்பங்க (பிரெஞ்சு ராணுவத்துல வேலை பார்த்தவங்க வீடுங்க), பாரீசுல சொந்தக்காரங்க இருக்கிறவங்க. பிள்ளைங்க வளர்ந்ததும் அலமாரி காலியாகும். எடைக்குப் போட்டா பழைய பேப்பர் கடை, இல்லேன்னா சண்டே மார்க்கெட் நடைபாதை. பேப்பர் கடைக்காரர்கிட்ட "பிரெஞ்சுப் புத்தகம் இருக்கா அண்ணே"ன்னு கேட்காதீங்க. அவர் அகராதியைத் தூக்கிக் கொடுப்பார். "படம் போட்ட, பெரிய சைஸ், மெல்லிசு"ன்னு கேளுங்க.

(காட்சி: கடைசிப் பக்கத்தின் பொடி எழுத்துகள். ஒரு வரிமேல் விரல்.)

இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. பொடி எழுத்துல 1949-னு ஒரு வருஷம் தெரியும். "சார், எழுபது வருஷத்துக்கு மேல பழசு"ன்னு ஒருத்தர் விலையை ஏத்துவார். அது புத்தகத்தோட வயசு இல்லீங்க! சிறுவர் வெளியீடுகளுக்கான பிரெஞ்சுச் சட்டத்தோட தேதி, 16 ஜூலை 1949. போன மாசம் அச்சான புத்தகத்துலயும் அது இருக்கும். லெகோல் தெ லுவசீர் பதிப்பகத்தோட பல புத்தகங்கள்ல அதே வரியோட கடைசியில இன்னொரு மாசமும் வருஷமும் வரும். அந்தப் பதிப்பு முதல்ல வந்தது அப்போதான். கீழே 'தெப்போ லெகால்'னு (Dépôt légal, சட்டப்படி பிரதி ஒப்படைச்ச தேதி) ஒரு வரி இருக்கா? உங்க கையில இருக்கிற பிரதி அச்சானதை அது சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல நிறைய வருஷம் இருந்தா, மறுஅச்சு. படிக்க நல்ல புத்தகம்தான், ஆனா அரிய புத்தகம்னு காசு கொடுக்காதீங்க.

அளவும் முக்கியம். மெல்லிசு அட்டைப் பதிப்புல படம் சுருங்கிடும். உங்கரர் கறுப்பை அள்ளிக் கொட்டி வரையறவர். பக்கம் பெரிசா இருந்தாத்தான் அந்த இருட்டு நம்மள உள்ளே இழுக்கும். அழுக்கான பெரிய கெட்டி அட்டையா, புத்தம்புது மாதிரி சின்னதான்னு கேட்டா, எனக்கு அழுக்குதான்.

(காட்சி: விரித்த நடுப் பக்கம், அதில் துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்.)

வாங்குறதுக்கு முன்னாடி நடுப் பக்கத்தை விரிங்க. கடல் காத்துல ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சு, சுத்தி ஆரஞ்சு வட்டம் போட்டிருக்கும். லேசா இருந்தா பரவால்ல. பின்னைப் பக்குவமா நிமிர்த்தி எடுத்துட்டுப் பருத்தி நூல்ல தைச்சுக்கலாம். அடுத்து, எந்தத் தாளாவது தனியா ஆடுதான்னு பாருங்க. பின் அடிச்ச புத்தகத்துல ஒரே தாள்தான் மடிஞ்சு ரெண்டு பக்கமும் நிக்குது. ஒரு பாதி கிழிஞ்சு போயிருந்தா மறுபாதி தளதளன்னு ஆடும். கதைப் புத்தகத்துல ஒரு தாள் போனா ஊகிச்சுக்கலாம். இதுல படமே போச்சு, விட்டுடுங்க. மழையில நனைஞ்சு ஒட்டிக்கிட்ட வழவழத் தாளையும் பிரிக்கப் போகாதீங்க, மேல்பூச்சோட மை உரிஞ்சு வரும். கிரேயான் கிறுக்கல் எனக்குப் பிரச்னையே இல்ல. கொள்ளைக்காரனுக்கு மீசை வரைஞ்ச பிரதி ஒண்ணு கிடைச்சா விடவே மாட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மத்தப் புத்தகத்தோட சேர்க்காதீங்க. இராமபாணப் பூச்சி பசையைத் தேடித்தான் வரும். பாலிதீன் பையில காத்துப் புகாம கட்டி ஃப்ரீசர்ல ஒரு வாரம் வைங்க. எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீங்க, குளிர் முழுசா விட்டப்புறம் பிரிங்க, இல்லேன்னா தாள்ல வேர்த்துடும். பூஞ்சை வாசனை அடிச்சா வெயில்ல போடாம, நிழல்ல ஃபேன் காத்துல விரிச்சு வைங்க. ஐப்பசி, கார்த்திகையில சுவத்தை ஒட்டுன அலமாரி வேண்டவே வேண்டாம்.

உங்க வீட்டுப் பரண்ல பிரெஞ்சுப் படப்புத்தகம் கிடந்தா, பேரையும் 'தெப்போ லெகால்' வரியையும் கமென்ட்ல போடுங்க. என்ன பதிப்புன்னு சேர்ந்து பார்த்துடலாம்.