ஒரு சுண்டெலியும் இரண்டு எழுத்துப் பிழையும்

நேயர்களுக்கு வணக்கம். நோய் எதிர்ப்புச் சக்தி என்றாலே அதைக் கூட்டுவது எப்படி என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். கசாயப் பொடியிலிருந்து சத்து மாத்திரை வரை அந்தப் பேரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அந்தச் சக்தியை அடக்கி வைக்க ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு சுண்டெலி காட்டிக்கொடுத்தது.

கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்று ஆராய, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் எலிகளை வளர்த்துவந்தார்கள். 1949-இல் அங்கே சில ஆண் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கின. சில வாரங்களில் செத்தும் போயின. தற்செயலாக நேர்ந்த ஒரு மரபணு மாற்றம்தான் காரணம். இந்த எலி வகைக்கு ஸ்கர்ஃபி என்று பெயர் வைத்தார்கள். மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில் எக்ஸ் என்பது ஆணுக்கு ஒன்றுதான், பெண்ணுக்கு இரண்டு. ஆண் குட்டிகளை மட்டும் தாக்கியதால், பழுது எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது புரிந்துவிட்டது.

பிறகு 1990-களில் இன்னொன்று தெரிந்தது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல்கள். அவை முதிர்வது நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியில். அந்தச் சுரப்பி இல்லாத எலிக்கு இதே பழுது இருந்தாலும் நோய் வரவில்லை. அப்படியானால் உடம்பைத் தாக்கியது கிருமி அல்ல, எலியின் சொந்த டி செல்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

எந்த மரபணு? அமெரிக்க விஞ்ஞானிகள் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அதை 5 லட்சம் அளவுக்குக் குறுக்கினார்கள். அதற்குள் 20 மரபணுக்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போக, கடைசியாக, இருபதாவதில்தான் பிழை அகப்பட்டது! அதுதான் ஃபாக்ஸ்பி3. 2001-இல் வெளியிட்டார்கள்.

பிழை என்ன தெரியுமா? இரண்டே இரண்டு எழுத்து கூடுதலாக நுழைந்திருந்தது. செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். நடுவில் இரண்டு நுழைந்தால் அதற்குப் பிறகு எல்லாமே தடம் மாறிவிடும். புரதம் பாதியில் நின்றுவிடும். டிஎன்ஏவைப் பற்றிக்கொண்டுதான் அந்தப் புரதம் வேலை செய்யும்; பற்றிக்கொள்ளும் அந்தப் பகுதியே உருவாகாது.

ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி என்ற விஞ்ஞானி 1995-லேயே, மற்ற டி செல்களை அடக்கி வைக்கும் தனி வகை டி செல்கள் இருப்பதைக் காட்டியிருந்தார். அப்போது பலர் நம்பவில்லை. அந்தச் செல்கள் உருவாக ஃபாக்ஸ்பி3 வேண்டும் என்று 2003-இல் உறுதியானது. மூவருக்கும் 2025-இல் மருத்துவ நோபல் பரிசு. ஸ்வீடனிலிருந்து வந்த அழைப்பை யாரோ தொல்லை கொடுக்கிறார்கள் என்று நினைத்து பிரங்கோ எடுக்கவே இல்லையாம்!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பெண் எலிகளின் கணக்கு. பழுதான மரபணுவைச் சுமக்கும் பெண் எலிக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஒன்று மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே அவள் டி செல்களில் ஏறக்குறைய பாதியில் பழுதான பிரதிதான் ஓடுகிறது. இருந்தும் அவள் நலமாக இருக்கிறாள். நல்ல பிரதி உள்ள பாதியிலிருந்து அடக்கும் செல்கள் உருவாகி, பழுதான பாதியையும் சேர்த்தே கட்டிப்போட்டுவிடுகின்றன. சரி, ஆண் குட்டியின் உடம்பில் வெறிபிடித்து அலைந்த செல்களை என்ன சொல்வது? அவற்றைக் கட்டுப்படுத்தும் துணை இல்லை, அதுதான் குறை.

மனிதரிலும் இதே மரபணு பழுதானால் ஐபெக்ஸ் என்ற அரிய நோய் வரும். கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய், ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி. இங்கும் பாதிக்கப்படுவது ஆண் பிள்ளைகள்தான். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை கைகொடுக்கிறது. கொடையாளியின் செல்கள் முழுமையாக இடம் பிடிக்காமல் ஒரு பங்கு மட்டும் நிலைத்த பிள்ளைகளிலும் நோய் தணிந்திருக்கிறது. பெண் எலி காட்டிய அதே கணக்குதான்.

வணக்கம்.