இலையுதிர்ந்த கவார்த்வா

அனைவருக்கும் வணக்கம்.

வேல்ஸ் போகிறவர்கள் பெரும்பாலும் கோடையில்தான் போவார்கள். நான் போனது டிசம்பரில். மெர்த்திர் டிட்வில் நகரத்தின் கவார்த்வா பூங்காவைப் பார்க்க அதுதான் சரியான மாதம் என்று அடித்துச் சொல்வேன்.

ஏரியின் ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. வாத்து ஒன்று அதன்மேல் கால் வைத்தது, வழுக்கியது, கட்டியை உடைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்தது. மரங்களில் ஓர் இலைகூட இல்லை. அதனால் மேட்டிலிருக்கும் மாளிகையிலிருந்து டாஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பக்கம் பார்வை தாராளமாக இறங்கியது.

அந்த மாளிகையை 1825 வாக்கில் கட்டியவர் இரும்பாலை முதலாளி இரண்டாம் வில்லியம் க்ராஷே. செலவு சுமார் 30,000 பவுன். கோபுரமும் கொத்தளமும் வைத்து, கோட்டை போலவே கட்டினார். கீழே பள்ளத்தாக்கில் அவருடைய உலைகள் எரிந்தன. அந்த இரும்பில் வந்த பணம்தான் இந்தக் கல், இந்த ஏரி, இந்தப் புல்வெளி எல்லாம்.

மாளிகை எழும்பி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. 1831-இல் க்ராஷே தன் சுரங்கத் தொழிலாளர்களின் கூலியைக் குறைத்தார். ஏற்கெனவே கடனில் மூழ்கிக் கிடந்த ஊர். கடனுக்காக ஜப்தி போன கட்டில், நாற்காலிகளை ஜனங்கள் கூட்டமாகப் போய் மீட்டு, உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு அந்தக் கலகத்தில் மனதைப் பிடித்து நிற்பது இந்தக் காட்சிதான். அப்புறம் பட்டாளம் வந்தது. ஜூன் 3 அன்று கூட்டத்தின் மீது சுட்டார்கள், பலர் செத்தார்கள்.

சிப்பாய் ஒருவரைக் குத்தியதாக டிக் பெண்டெரின் என்ற இளம் சுரங்கத் தொழிலாளியைப் பிடித்து, ஆகஸ்ட் 13-இல் கார்டிஃபில் தூக்கிலிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் அவருக்காக மனு எழுதியும் பலிக்கவில்லை. "ஆண்டவரே, இது அநீதி" என்று அவர் வெல்ஷ் மொழியில் சொன்னதாக ஊர் இன்றும் நினைவு வைத்திருக்கிறது. அவர் குற்றமற்றவர் என்றே நானும் நம்புகிறேன்.

க்ராஷே குடும்பம் போன பிறகு நகரசபை மாளிகையை வாங்கியது. 1910-இல் அது அருங்காட்சியகமானது, தோட்டம் ஊருக்கே பூங்காவானது. உலைகளின் கற்சுவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் நிற்கின்றன.

போகிறவர்கள் மூன்று மணிக்குள் போய்விடுங்கள், நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். நான் கிளம்பும்போது அந்தக் குழந்தை க்ராஷே வீட்டுப் புல்வெளியின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை.