கொள்ளுப்பாட்டி மோதிரத்துக் கல்லை எடுக்கலாமா, வேணாமா?

வணக்கம் மக்களே. இன்னைக்குச் சமையலும் இல்ல, கடைக்குப் போறதும் இல்ல. ஈசூன்ல நம்ம வீட்டுச் சன்னல் ஓரமா உக்காந்துருக்கேன். காலையில பத்து மணிக்கு இங்க வெயில் நேரா விழாது, வெளிச்சம் மட்டும் பக்கவாட்டுல வரும். சிவப்புக் கல்லு பாக்க அந்த வெளிச்சம்தான் சரி. கடையில மஞ்ச லைட்டுக்குக் கீழ வச்சா எந்தச் சிவப்புக் கல்லும் அழகாத்தான் தெரியும்.

இதோ, கிட்ட கொண்டு வரேன். ஃபோகஸ் ஆகட்டும்... ஆங், இப்பத் தெரியுதா? 22 கேரட் தங்கம். நடுவுல முட்டை வடிவத்துல ஒரு கல்லு, சின்னக் கொண்டக்கடலை அளவு. ரெண்டு தோள்லயும் கொடி மாதிரி வேலைப்பாடு இருந்துருக்கு. இந்தப் பக்கம் ஒரு இலை மட்டும் மிச்சம், அந்தப் பக்கம் முழுக்கத் தேஞ்சு மழுங்கிருச்சு.

இது எங்க அம்மாவோட பாட்டி மோதிரம். ரெண்டாம் உலகச் சண்டைக்கு முன்னாடி நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி சிங்கப்பூர் வந்தவங்க. செம்பவாங் கப்பல்பட்டறையில வேலை பாத்த கொள்ளுத்தாத்தாவுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப, அவங்க கையில இருந்த மோதிரம் இது. அவங்ககிட்டருந்து எங்க பாட்டிக்கு, பாட்டிகிட்டருந்து அம்மாவுக்கு. அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப என்கிட்ட இருக்கு.

அடுத்த மார்ச்சுல என் பெரிய மகளுக்குப் பதிவுத் திருமணம். "அம்மா, அந்த மோதிரத்துக் கல்லை எடுத்து எனக்கு வெள்ளைத் தங்கத்துல புதுசாக் கட்டிக் குடுங்க"ன்னு கேட்டா. தப்பாக் கேக்கல. பெட்டியில தூங்குறதுக்கு ஒருத்தி கையில இருக்கட்டும்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு. விரலைச் சுத்துற பட்டையும் போடுற நிலைமையில இல்ல. உள்ளங்கைப் பக்கம் பாருங்க, தாள் மாதிரி இருக்கு. 22 கேரட் மெதுவான தங்கம், மூணு தலைமுறை பாத்திரம் தேச்ச கை, தேயாம என்ன செய்யும்?

அங்கதான் நான் ஒரு தப்புப் பண்ணேன். கடைக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி சுத்தமா இருக்கட்டுமேன்னு, பாத்திரம் கழுவுற சோப்பை வெதுவெதுன்னு தண்ணியில கலந்து, ராத்திரி ஊறப் போட்டுட்டேன். வைரத்தோடுக்கு எப்பவும் அப்படித்தான் செய்வேன். காலையில எடுத்துப் பாத்தா கல்லோட ஒரு மூலையில கறுப்பா ஒரு நிழல். துடைச்சேன், போகல. அது கல்லுக்கு மேல இல்ல, உள்ள இருக்கு. இதோ, இந்தக் கீழ் மூலை. மோதிரத்தைச் சாச்சாலும் அது நகராது பாருங்க. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

முதல்ல ஒரு பெரிய கடைக்குப் போனேன். பேர் வேணாம். அஞ்சே நிமிஷம்தான். "பழசும்மா, கல்லைப் பேத்துக்கலாம், தங்கத்தை எடைக்கு எடுத்துக்குறோம், புது மோதிரத்துல கழிச்சுக்கலாம். இப்ப ஸ்டீம் அடிச்சுத் தரவா?"ன்னு கைய நீட்டுனாரு. நான் குடுக்கல. ஏன்னு அப்பச் சொல்லத் தெரியல, மனசு ஒப்பல, அவ்ளோதான். புது மோதிரம் விக்கிறவர்கிட்டப் போயி பழசை என்ன செய்யலாம்னு கேட்டா அவர் வேற என்ன சொல்லுவாரு?

அப்புறம் தேக்காவுல, டன்லப் ஸ்திரீட் பக்கம் மாடியில பட்டறை வச்சிருக்குற ஒரு பத்தர்கிட்டப் போனேன். வயசானவர். பேசவே இல்ல, முதல்ல மோதிரத்தைக் கவுத்துப் பாத்தாரு. எல்லாரும் கல்லைப் பாப்பாங்க, இவர் முதுகைப் பாத்தாரு. "தங்கச்சி, பின்னாடி மூடியிருக்கு பாத்தியா?"ன்னு கேட்டாரு.

இப்பல்லாம் கல்லுக்குப் பின்னாடி திறந்து விட்டுத்தான் கட்டுவாங்க, வெளிச்சம் உள்ள போயி வெளிய வரட்டும்னு. அந்தக் காலத்துல மூடிதான் கட்டுவாங்க. கீழ தங்கத் தகடு, அதுக்கு மேல அரக்கு, அரக்குக்கு மேல ரேக்குன்னு தாள் மாதிரி மெல்லிசா ஒரு உலோகத் தகடு, அதுக்கு மேல கல்லு, சுத்தி விளிம்பை அமுக்கி மூடிருவாங்க. அந்த ரேக்குதான் விஷயமே. கண்ணாடிக்குப் பின்னாடி பாதரசம் மாதிரி, அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். சிவப்புக் கல்லுக்குச் சிவப்புச் சாயம் ஏத்துன ரேக்கு வைப்பாங்க. கோயில் நகையில கெம்பு அந்தச் செவசெவன்னு இருக்கே, அதுல பாதி இந்த ரேக்கோட வேலை.

நான் தண்ணியில ஊறப் போட்டப்ப விளிம்புல எங்கயோ ஒரு முடி அகல இடுக்கு வழியா ஈரம் உள்ள போயி அந்த ரேக்கு கறுத்துருக்கு. ஸ்டீம் அடிச்சிருந்தா மொத்தமும் போயிருக்கும். தயவுசெஞ்சு உங்க வீட்டுல பழைய மோதிரம், பழைய ஜிமிக்கி, பதக்கம் ஏதாவது இருந்தா முதல்ல திருப்பிப் பாருங்க. முதுகு மூடியிருந்தா தண்ணி படவே கூடாது. காஞ்ச மெல்லிய துணி போதும்.

அப்ப நான் கேட்டேன், "அண்ணே, கல்லை எடுத்தா எப்படி இருக்கும்?" அவர் சொன்னாரு: "எடுத்தாத்தான் தெரியும். எடுத்தப்புறம் தெரிஞ்சு என்ன பண்ணுவ?"

அந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் விடல.

சரி, கல்லு என்னதான்னு பாப்போம்னு ஒரு ரத்தினப் பரிசோதனைக் கூடத்துல குடுத்தேன். உள்ளுக்குள்ள பயம் இருந்துச்சு. 1902-ல பிரான்ஸ்ல வெர்னுய்ங்கிறவர் தீச்சுவாலையில மாணிக்கம் உருவாக்குற முறையை அறிவிச்சாரு. அதுக்கப்புறம் உலகம் முழுக்க அந்தக் கல்லு பரவுச்சு. அதனால நூறு வருஷப் பழசுன்னாலே இயற்கைக் கல்லுன்னு அர்த்தம் இல்ல. செயற்கைன்னா நுண்ணோக்கியில இசைத்தட்டுக் கோடு மாதிரி வளைஞ்ச கோடு தெரியும், சில நேரம் காத்துக் குமிழியும் இருக்கும்.

அங்க கல்லைப் பரிசோதிச்ச அம்மா என்னையும் நுண்ணோக்கியில பாக்கச் சொன்னாங்க. வளைஞ்ச கோடு இல்ல. ஒரு ஓரத்துல, மார்கழிக் காலையில சிலந்தி வலையில பனி நிக்குமே, அப்படிச் சன்னமா வெள்ளை ஊசிகள், ஒண்ணை ஒண்ணு சாய்வா வெட்டிக்கிட்டு. அதுக்குத் தொழில்ல "பட்டு"ன்னே பேராம். இயற்கைக் கல்லுதான்னாங்க. கண்ணு கலங்கிருச்சு எனக்கு.

ஆனா சான்றிதழ்ல என்ன போட்டுக் குடுத்தாங்க தெரியுமா? இயற்கையான குருந்தம், நகையில பதிச்ச நிலையில பாத்தது, எடை உத்தேசம். நிறத்துக்கு எதுவும் போடல. ஏங்க மாணிக்கம்னு போடலன்னு கேட்டேன். அதுக்கு அவங்க சொன்ன பதில்தான் இந்த வீடியோ எடுக்கவே காரணம்.

மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே பொருள். ரெண்டும் குருந்தம்தான். இங்கிலீஷ்ல கொரண்டம்ங்கிறாங்களே, அந்தச் சொல்லே நம்ம குருந்தத்துலருந்து போனதுதான். அது நல்ல சிவப்பா இருந்தா மாணிக்கம். வெளிறி ரோஸா இருந்தா அதுக்கு மாணிக்கம்னு பேர் கிடையாது, ரோஸ் நிறச் சஃபையர். நம்ம கல்லு சொந்தமா எவ்வளவு சிவப்பு, ரேக்கு குடுக்குறது எவ்வளவு சிவப்புன்னு பின்னாடி மூடிக் கட்டுன மோதிரத்துல வச்சுக்கிட்டுப் பிரிச்சுச் சொல்ல முடியாது.

அதாவது, எங்க கொள்ளுப்பாட்டி மாணிக்கம்னு சொல்லி, பாட்டி மாணிக்கம்னு சொல்லி, எங்கம்மா மாணிக்கம்னு சொல்லி என் கையில குடுத்த கல்லு, அது உக்காந்துருக்குற இந்தத் தங்க வீட்டை விட்டு வெளிய வந்தா மாணிக்கமா இருக்குமாங்கிறதே உறுதி இல்ல.

லண்டன்ல அரசமுடியோட நெத்தியில ஒரு பெரிய சிவப்புக் கல்லு இருக்கு, கறுப்பு இளவரசரின் மாணிக்கம்னு பேரு. அது மாணிக்கமே இல்ல, ஸ்பினல்னு வேற ஒரு கல்லு. ரெண்டும் வேற வேறன்னு 18-ஆம் நூற்றாண்டுலதான் பிரிச்சுச் சொன்னாங்க. தெரிஞ்சதுக்கப்புறமும் யாரும் அதைப் புடுங்கிப் போடல, பேரையும் மாத்தல. இன்னும் முன்னாடிதான் இருக்கு.

மகள்கிட்ட இதெல்லாம் சொன்னேன். அவ உடனே ஒத்துக்கல. "வெளிறின ரோஸா இருந்தாலும் அது பாட்டி கல்லுதானேம்மா"ன்னா. நியாயம்தான். நான் திருப்பிக் கேட்டேன், "உனக்கு இந்தக் கல்லு எதுக்குப் பிடிச்சுச்சு?" "இந்தக் கலருக்குத்தான்." அந்தக் கலரு கல்லுல மட்டும் இல்லடா கண்ணு. கல்லு, ரேக்கு, அரக்கு, யாரோ ஒரு ஆசாரி அமுக்குன விளிம்பு, எல்லாம் சேந்து குடுக்குற கலரு. கல்லை மட்டும் எடுத்தா நீ ஆசைப்பட்டது உன் மோதிரத்துக்கு வராது, இங்கயும் இருக்காது.

இன்னொண்ணும் இருக்கு. குருந்தம் கடினமான கல்லுதான், வைரத்துக்கு அடுத்த இடம். ஆனா கடினம்னா உடையாதுன்னு இல்ல. நூறு வருஷம் விளிம்புக்குள்ள மறைஞ்சிருந்த ஓரத்துல என்ன கீறல், என்ன சில்லு இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஒரு தடவை மடிச்ச தங்கத்தைத் திறந்து மறுபடி மடிச்சா வெடிக்கலாம். எந்தப் பத்தரும் அதுக்குப் பொறுப்பு ஏத்துக்க மாட்டாரு, ஏத்துக்கவும் கூடாது. தங்கமாவது தேறுமான்னு பாத்தா மொத்த எடை 3.2 கிராம், அரைப் பவுன் கூட இல்ல. அதுல கல்லும் அரக்கும் கழிக்கணும். அந்தக் காலத்துல ஒட்டு உலோகப் பொடி வச்சு, ஊதிச் சூடாக்கி ஒட்டுனது, உருக்குனா தரமும் குறையும்.

அதனால முடிவு பண்ணிட்டேன். கல்லைத் தொடல.

பட்டையோட கீழ்ப் பாதியை மட்டும் மாத்துறோம். ஊதுகுழல் வச்சா அரக்கு உருகிரும், ரேக்கு கருகிரும். சூடு ஏறாம இருக்க ஈரம் வச்சுச் சுத்தலாம்னா ஈரமே ஆகாது. அதனால பத்தர் லேசர்ல ஒட்ட வைக்கப் போறாரு. ஊசி முனை அளவு இடத்துல மட்டும் சூடு விழும். 22 கேரட்டுக்கு லேசர் கொஞ்சம் அடம் பிடிக்கும், ஆனா முடியும்னாரு. கூலியும் தங்கமும் சேத்து 180 சிங்கப்பூர் வெள்ளி. அறுத்து எடுக்குற பழைய துண்டை என்கிட்டயே குடுத்துருங்கன்னு சொல்லிட்டேன். அது எங்க பாட்டிங்க கை பட்டுத் தேஞ்ச துண்டு, அதை எடைக்குப் போட எனக்கு மனசு வராது.

அந்தக் கறுப்பு நிழல் அப்படியே இருக்கும். ரேக்கை மாத்தலாம்தான், ஊர்ல சின்ன வயசுல கோயில் நகைக்கு அவர் செஞ்சிருக்காராம். ஆனா அதுக்கும் விளிம்பைத் திறந்தாகணும். என்னைக்காவது அந்தக் கறுப்பு பரவிக் கல்லையே மறைச்சிருச்சுன்னா அப்ப ரேக்கை மாத்தி, திரும்ப இதே வீட்டுல வைக்கலாம். அது வரைக்கும் ஈரம் உறிஞ்சுற பொட்டலத்தோட டப்பாவுல இருக்கட்டும்.

மகளுக்குப் புது மோதிரம் தனியா வாங்குறோம், என்ன கல்லுன்னு அவளே பாத்துக்கட்டும். நேத்து ராத்திரி என்கிட்ட வந்து, "சரிம்மா, ஆனா பதிவு அன்னைக்கு இந்த மோதிரத்தை நான்தான் போடுவேன், கை கழுவுறப்ப கழட்டி உங்ககிட்டக் குடுத்துடறேன்"ன்னு சொன்னா.

வர்ற வியாழக்கிழமை பட்டறைக்குக் கொண்டு போறேன். வேலை செய்யுறப்ப பக்கத்துல உக்காந்து வீடியோ எடுக்கட்டுமான்னு கேட்டேன், சரின்னுட்டாரு. தேஞ்சு போன அந்தப் பக்கத்து இலையைத் திரும்பச் செதுக்கித் தரவான்னும் கேட்டாரு. வேணாம் அண்ணேன்னுட்டேன்.