மணிக்கூட்டைப் பார்த்து வாள்வீசியவர்

[திரையில்: பீஜிங், 2008. புள்ளிப் பலகையில் 5–5]

ஒலிம்பிக் பெண்கள் ஃபொயில் வாள்வீச்சு இறுதிப் போட்டி. ஃபொயில் என்பது மெல்லிய வாளால் குத்தி ஆடும் ஒரு வகை. இத்தாலியின் வலன்டினா வெசாலிக்கு எதிரே தென்கொரியாவின் நாம் ஹியூன்-ஹீ. ஐந்துக்கு ஐந்து, மிச்சம் இருப்பது சில செக்கன்கள். வெசாலி ஒரே குத்து, 6–5. சிட்னி, ஏதென்ஸ், பீஜிங் என்று தொடர்ந்து மூன்று தனிநபர் தங்கம். ஃபொயிலில் அதுவரை ஒருவரும் செய்யாதது.

ஒன்பது நிமிட ஆட்டத்தில் வெறும் ஆறு புள்ளியா? சரி, விதியைப் பார்ப்போம்.

[திரையில்: உடற்பகுதி மட்டும் நிறமூட்டிய படம்]

மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றுப் பக்கமும் சிலம்படி பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஃபொயில் முதலில் சப்பென்றுதான் இருக்கும். கம்பு எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபொயிலில் கையிலோ காலிலோ பட்டால் கணக்கே இல்லை. உடம்பின் நடுப்பகுதிதான் இலக்கு. அதன்மேல் உலோக இழை நெய்த சட்டை. வாள் நுனியில் ஒரு சின்னப் பொத்தான். அது குறைந்தது 500 கிராம் அழுத்தத்தில் அமுங்க வேண்டும். சட்டையில் பட்டால் நிற விளக்கு, வேறெங்காவது பட்டால் வெள்ளை விளக்கு.

இருவர் விளக்கும் ஒன்றாக எரிந்தால்? முதலில் தாக்க வந்தவருக்கே புள்ளி. மற்றவர் அந்த வாளைத் தட்டிவிட்டுத் திருப்பிக் குத்தியிருந்தால் புள்ளி அவருக்கு. அதனால் அவசரப்பட்டுப் பாய்கிறவரைவிட, எதிராளியைப் பாய வைக்கிறவருக்கே லாபம் அதிகம். இரண்டு பேரும் காத்திருந்தால் மணிக்கூடு மட்டும் ஓடும். எனக்குப் பிடித்ததே அந்தக் காத்திருப்புத்தான்.

[திரையில்: இத்தாலி வரைபடம், ஜேசி]

வெசாலி பிறந்தது 1974இல், ஜேசி என்ற ஊரில். சுமார் 40,000 பேர். மட்டக்களப்பு நகரத்தைவிடச் சின்ன இடம். அங்கே எசியோ திரிக்கோலி என்றொரு ஆசான். இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு, தென்னாப்பிரிக்காவில் கைதிகள் முகாமில் வாள்வீச்சுப் பழகி, ஊர் திரும்பிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அந்த ஊரிலிருந்து வெசாலிக்கு முன் ஜொவான்னா திரில்லினி வந்தார், பின்னால் எலிசா டி பிரான்சிஸ்கா வந்தார். மூவருமே தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள். ஏதென்ஸ் இறுதியில் வெசாலி வென்றது திரில்லினியைத்தான். ஒரே ஊர்க்காரிகள்!

வெசாலியின் மொத்த ஒலிம்பிக் கணக்கு: 6 தங்கம், 1 வெள்ளி, 2 வெண்கலம். சம்பள வேலை பொலிஸில். 2005 யூனில் மகன் பிறந்தான். அந்த ஒக்டோபரில் லைப்சிக்கில் உலகப் பட்டம் வென்றார். பிள்ளை பெற்று நாலு மாதம்! இதைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியம்மாமார் ஏசுவார்கள்.

[திரையில்: லண்டன், 2012]

தொடக்க விழாவில் இத்தாலியின் கொடி 38 வயது வெசாலியின் கையில். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே மறுபடியும் நாம். 12–8 என்று கொரியப் பெண் முன்னிலை, நேரமோ முடியப்போகிறது. இனிக் காத்திருந்து சரிவராது. வெசாலி ஒன்றன்பின் ஒன்றாக நாலு குத்து. 12–12. மேலதிக நிமிடத்தில் இன்னொன்று, 13–12. தங்கமும் வெள்ளியும்கூட இத்தாலிக்கே. தங்கம் வாங்கியது அதே ஜேசியின் டி பிரான்சிஸ்கா.

2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் அணி ஃபொயில் நடக்கவில்லை. அணிப் போட்டிகளைச் சுழற்சியில் விடுவது அப்போதைய வழக்கம். அந்த வருடம் ரியோவிலேயே தனியாக நடந்த உலகப் போட்டியில் அணியோடு வெள்ளி எடுத்துவிட்டு, 42 வயதில் வெசாலி வாளைக் கீழே வைத்தார்.