சூடு என்று சொல்லி வருகிறவர்கள்

வணக்கம் நேயர்களே. இன்று பெண்களுக்கு வரும் பாலுறவுத் தொற்றைப் பற்றியும், அதைச் சொன்னால் வீட்டில் விழும் அடியைப் பற்றியும் பேசப்போகிறேன். முதலில் ஒன்று. இந்தப் பேச்சைக் கேட்டால் வீட்டில் பிரச்சினை வரும் என்றால், தயங்காமல் ஸ்டேஷனை மாற்றிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மலேசியாவின் சுங்கை சிப்பூட் பக்கம் லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். அம்மா பால்மரம் வெட்டினார். நான் தாதியாகி, தோட்டங்களை ஒட்டிய அரசாங்கக் கிளினிக்குகளில் 28 வருடம் வேலை செய்தேன். எங்கே போனாலும் என்னை 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார்கள், தாதிக்கு அங்கே அதுதான் பெயர்.

அங்கே நான் அதிகம் கேட்ட சொல் 'சூடு'. வெள்ளைப்பட்டால் சூடு, மூத்திரம் எரிந்தால் சூடு, அடிவயிறு வலித்தாலும் சூடு. பார்லித் தண்ணீர், ஊறவைத்த வெந்தயம் என்று பார்த்துவிட்டுத்தான் கிளினிக்குக்கு வருவார்கள். பார்லியை நானும் குடிப்பேன், குறை சொல்லவில்லை. ஆனால் கிளமிடியா, கொனோரியா போன்ற, பாலுறவில் பரவுகிற தொற்றெல்லாம் பார்லிக்கு அடங்காது. பல பெண்களுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. உள்ளே கருக்குழாய்வரை ஏறிப் பிள்ளைப்பேற்றையே கெடுத்துவிடும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். செம்பனைக்கு உரம் போடுகிற வேலை, முப்பது வயதிருக்கும். சூடு என்றுதான் வந்தாள். பரிசோதித்தால் தொற்று. மருந்தைக் கொடுத்து, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன்: "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா, அவருக்கும் மருந்து குடுக்கணும், இல்லேன்னா திரும்ப வரும்."

மூன்று வாரம் கழித்து வந்தாள். கூடவே அவரும் வந்தார். இவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். அவள் முழங்கைக்கு மேலே நாலு விரல் தடம், பழுத்த நிறத்தில்.

என்ன செய்வதென்று தெரியாமல், மூத்திரக் கோப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "டெஸ்ட் எடுக்கணும், ஐயா வெளியே உட்காருங்க." கழிவறைக்குள் போனதும் அவளே குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேசினாள். மருந்துப் பையைப் பார்த்துவிட்டு, "எவன்கிட்ட வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டாராம். அதற்கு முன்பே ஒருமுறை ஆணுறை போடச் சொன்னதற்கும் இதே சந்தேகம், இதே அடி. நான் சொன்ன வாக்கியத்தை அவள் வீட்டில் போய்ச் சொன்னாள், அடி அவளுக்கு விழுந்தது. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

அன்று டாக்டர் ஒரே வேளையில் முடிகிற மருந்தாக எழுதினார். என் முன்னாலேயே விழுங்கினாள், வீட்டுக்கு எதையும் கொடுத்தனுப்பவில்லை. கணவர் மருந்து எடுக்காதவரை தொற்று திரும்பலாம், அதனால் மூன்று மாதத்தில் மறுபடி டெஸ்ட். சரி, அதற்கும் கோப்பைதான்.

அதிலிருந்து புதிதாக வரும் தாதிகளிடம் இதையே சொல்வேன்: தனியாகக் கேளுங்கள். 'கோப்பை மிஸ்ஸி' என்று என்னைக் கேலிகூடச் செய்வார்கள். கணவர் மட்டுமில்லை, மாமியாரும் வெளியே இருக்கட்டும். இன்னொன்று, மலாய் டாக்டருக்கு மொழிபெயர்க்கப் பத்து வயது மகளைப் பக்கத்தில் நிறுத்துகிறோமே, அது வேண்டவே வேண்டாம். மகள் காது கேட்க எந்தத் தாய் இதைச் சொல்வாள்? தனியாகக் கேளுங்கள். கேட்கிற தாதிமார் இருந்தால் மறுபடியும் சொல்கிறேன், தனியாக.

அடடா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், இனி முடியாது. முக்கியமானதை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கணவரே ஆனாலும், பலவந்தம் நடந்தால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் 'ஓ.எஸ்.சி.சி' என்று கேளுங்கள், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரே இடத்தில் உதவுகிற மையம் அது. முடிந்தால் குளிக்காமல், உடுத்திய துணியோடு போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று டாக்டர் பார்ப்பார். தேவையென்றால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிட வேண்டும். மனைவியை உறவுக்கு இணங்கவைக்க அடிப்பதும் மிரட்டுவதும் குற்றவியல் சட்டம் 375ஏ பிரிவின்படி குற்றம், 5 வருடம்வரை சிறை. கோர்ட்டுக்குப் போகாமலே சமூகநல இலாகா 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம். தாலியான் காசே என்கிற அரசாங்க உதவித் தொலைபேசியின் எண் 15999, இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம். போனில் அதைப் பதிவதென்றால் 'கேஸ் கடை' என்று பெயர் போட்டு வையுங்கள்.