சிக்கல் எந்த இடத்தில் நிற்கிறது?

அனைவருக்கும் வணக்கம்.

பேச்சுக்கலை என்றதும் நினைவு குரலுக்கும் அடுக்குமொழிக்கும்தான் போகிறது. அவையும் வேண்டும்தான். ஆனால் விடாமல் கைதட்டிய கூட்டமே வாக்கெடுப்பில் எதிர்த்துக் கை தூக்குவதும் உண்டு. கேட்பவரை மகிழ்விப்பது வேறு, இணங்க வைப்பது வேறு. நான் பேசப்போவது இணங்க வைப்பதைப் பற்றி.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் அதற்கான வழிகளை மூன்றாகப் பிரித்தார்: பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, பேச்சுக்குள் இருக்கும் தர்க்கம். இந்த மூன்றையும் ஒப்பிக்காத பயிற்சி வகுப்பே இல்லை. அவர் சேர்த்துச் சொன்ன ஒரு நுட்பத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். நம்பிக்கை பேச்சின் வழியாகவே பிறக்க வேண்டும் என்றார் அவர். பேசுபவரைப் பற்றி முன்பே இருக்கும் அபிப்பிராயம் அவர் கணக்கில் சேராது. அப்படிப் பார்த்தால், அறிமுகவுரையில் வாசிக்கப்படும் பட்டங்களால் பெரிய பயன் இல்லை. எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே "ஆமாம், இதைத்தான் சொல்கிறோம்" என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் யோசனைக்கு ஆகும் செலவையும் மறைக்காதீர்கள். நம்பிக்கை அங்கே பிறக்கும்.

அடுத்தது, பெரும்பாலான பேச்சுகள் தோற்கும் இடம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹெர்மகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியர், எந்த வழக்கிலும் கருத்து வேறுபாடு நான்கு இடங்களில் ஒன்றில்தான் நிற்கும் என்று வகுத்தார். விஷயம் உண்மையா? அதை என்னவென்று வகைப்படுத்துவது? அது நியாயமானதா? அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இந்த அவைக்கு உண்டா? நீதிமன்றத்துக்காக வகுத்தது என்றாலும் எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும்.

ஒரு நூலகத்தை ஞாயிற்றுக்கிழமையும் திறக்க வேண்டும் என்று நீங்கள் குழுவின் முன் பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். "ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்?" என்பது அவர்கள் ஐயம் என்றால், அது முதல் கேள்வி, எண்ணிக்கை காட்ட வேண்டும். "அன்று திறப்பது கூடுதல் சேவை, நம் கடமையில் வராது" என்றால் அது இரண்டாவது. "ஊழியர்களின் ஓய்வு என்னாவது?" என்றால் மூன்றாவது. "இதை நாம் முடிவுசெய்ய முடியாது, மேலிடம்தான் செய்ய வேண்டும்" என்றால் நான்காவது. ஊழியர் ஓய்வைப் பற்றிக் கவலைப்படும் குழுவிடம் வாசிப்பின் பெருமையை அரைமணி நேரம் பேசினால், எல்லோரும் தலையாட்டுவார்கள், முடிவு மாறாது. வாசிப்பு நல்லது என்பதை அங்கே யாருமே மறுக்கவில்லையே! ஆகவே உரையை எழுதும் முன்பு, எதிர்ப்பவர்களில் ஓரிருவரிடமாவது பேசிப் பாருங்கள். "எது சரியானால் ஒப்புக்கொள்வீர்கள்?" என்ற ஒரே கேள்வி போதும். சிக்கல் எங்கே நிற்கிறது என்று பதிலே காட்டிக்கொடுத்துவிடும்.

இடம் தெரிந்த பிறகு தர்க்கம். மேடையில் யாரும் முழு வாதத்தையும் சொல்வதில்லை. "அன்று திறந்தால் வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும், ஆகவே திறக்க வேண்டும்" என்கிறோம். நடுவே ஒரு படி சொல்லாமல் நிற்கிறது: நூலகம் வேலைக்குப் போகிறவர்களுக்கும் பயன்பட வேண்டும். அந்தப் படியைக் கேட்பவரே தம் மனத்தில் நிரப்பிக்கொள்கிறார். தாமே கண்டுபிடித்ததுபோல் தோன்றுவதால் அது வலுவாக ஒட்டுகிறது. "இந்த நூலகம் மாணவர்களுக்கானது" என்று நினைப்பவருக்கோ அந்த இடம் வெறும் பள்ளம்; வாதம் அதில் விழுந்துவிடும். ஒவ்வொரு வாதத்திலும் சொல்லாமல் விட்ட படியைத் தனியே எழுதிப் பார்த்து, இந்த அவை இதை ஏற்கெனவே நம்புகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதலில் அதை நிறுவியாக வேண்டும். சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், அவையறிதலுக்குத் தனி அதிகாரம் வைத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

உணர்ச்சி பற்றிச் சுருக்கமாக. கோபத்தை எழுப்ப, கோபப்படுகிறவரின் மனநிலை, யார்மேல் கோபம், எதனால் கோபம் என்ற மூன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எழுப்ப முடியாது என்கிறார் அரிஸ்டாட்டில். வெறுமே குரலை உயர்த்தும் பேச்சாளரிடம் பெரும்பாலும் அந்த மூன்றில் இரண்டு இருக்காது.

வரிசைக்கு ரோமானியர்கள் சொன்ன வழி இன்றும் நல்ல வழி: வலுவான வாதங்கள் முதலிலும் கடைசியிலும், சுமாரானவை நடுவில். பத்து நிமிடப் பேச்சுக்கு மூன்று வாதங்களுக்கு மேல் வேண்டாம். நான்காவது வலுவற்றதாக இருந்தால், மறுப்பவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். மற்ற மூன்றும் மறந்துபோகும்.

எதிர்வாதத்தைத் தொடலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். தொட வேண்டும், பதிலோடு. சொல்லிவிட்டுப் பதில் தராமல் போவது, சொல்லாமலே விடுவதைவிடக் கெடுதல் என்றுதான் ஆய்வுகளும் காட்டுகின்றன. அவை ஏற்கெனவே அந்த எதிர்வாதத்தோடு வந்து உட்கார்ந்திருந்தால், அதைத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். அது தீரும்வரை நீங்கள் சொல்லும் வேறு எதுவும் காதில் ஏறாது.

முடிவுரையில் நேரும் தவறு, "ஆவன செய்ய வேண்டும்" என்று பொதுவாக விட்டுவிடுவது. யார், எதை, எப்போதுக்குள் என்பது கடைசி வாக்கியத்தில் இருக்கட்டும். "மூன்று மாதம், ஞாயிறு காலை மட்டும், சுழற்சி முறையில் ஊழியர்களோடு திறந்து பார்ப்போம், வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு இதே குழு முடிவுசெய்யட்டும்." இதை மறுக்க விரும்புகிறவரும் எதை மறுக்கிறோம் என்று சொல்லித்தான் மறுக்க முடியும்.