பேசாமல் நடந்த ஒரு சொற்பொழிவு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் நேயர்களுக்கு இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றிச் சொல்லப் போகிறேன். 21 இலக்கம் கொண்டது. எழுதிக்கொள்ள வேண்டாம், காதில் வாங்கினால் போதும். மூன்று மூன்றாகச் சொல்கிறேன்: 147, 573, 952, 589, 676, 412, 927.

67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் இது வரும். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதைப் பகா எண் என்று எழுதிவைத்தார். 7, 13 மாதிரி, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். 1876-இல் லூக்கா என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், இல்லை, இது வகுபடும் என்று நிரூபித்தார். எதால் வகுபடும்? அது அவருக்கும் தெரியாது!

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. சம்பளத்துக்கு முதல் நாள் இரவு கணக்கெழுதும் கிராணி, ஆள் வருகையும் கூலியும் பதியும் செக்ரோலைக் கூட்டுவார், கணக்கு இடிக்கும். தப்பு இருப்பது நிச்சயம். எந்த வரியில்? விடியும்வரை தேட வேண்டியதுதான்.

இங்கே விடிய 27 வருடம் ஆனது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம். கோல் என்ற பேராசிரியர் எழுந்து வந்தார், வாயே திறக்கவில்லையாம். கரும்பலகையின் ஒரு பக்கம் இரண்டை 67 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தார். மறுபக்கம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார், படிப்படியாக, கையால். இரண்டு விடையும் ஒன்று. பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்களாம். பல வருட ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குப் போனதாகவும் கதை உண்டு. கதை கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், பெருக்கல் மட்டும் அப்பழுக்கில்லாதது. நான் இங்கே அப்படி மௌனமாக இருந்தால் உடனே பாட்டைப் போட்டுவிடுவார்கள், அது வேறு விஷயம்.

நீங்களும் ஓரளவு சரிபார்க்கலாம். கோல் பெருக்கிய முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 37, பிறகு 10, பிறகு 1. இரண்டாவது: 64, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. பெரிய எண்ணையும் கூட்டுங்கள்: 109, 10, 1. பொருந்துகிறதா? பொருந்தாவிட்டால் நிச்சயம் தப்பு. பொருந்தியதால் மட்டும் சரியென்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், கோல் எல்லா எண்ணையும் முயலவில்லை. இதை வகுக்கக்கூடிய எந்த எண்ணும் 134-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். 134 என்பது 67-இன் இரு மடங்கு. ஏன் அப்படி என்பதுதான் இதில் மிக அழகான பகுதி, ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒரே வரி: எத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும் என்று மெர்சென் போட்ட பட்டியலில் 257-உம் தப்பு, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. மறுபடி கூப்பிட்டால் மீதியைச் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.